கரீபியன் கோப்பை: கடலையும் விசாவையும் கடந்து வர வேண்டிய கால்பந்து கிளப்புகள்

2025 மார்ச் 13 அன்று ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் ஒரு கிளப் கால்பந்து ஆட்டம் நடைபெற்றது. ஒருபுறம் உள்ளூர் கிளப்பான கேவலியர். மறுபுறம் அமெரிக்காவின் இன்டர் மியாமி. இரண்டாம் பாதியில் மாற்று வீரராகக் களமிறங்கிய லியோனல் மெஸ்ஸி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் அடித்தார். மியாமி 2-0 என வென்றது. ஒரு வாரத்துக்கு முன்பு அமெரிக்காவில் நடந்த முதல் ஆட்டத்தையும் அதே கணக்கில் வென்றிருந்ததால், மொத்தம் 4-0 என்ற கோல் கணக்கில் அடுத்த சுற்றுக்கு முன்னேறியது.

மறுநாள் செய்திகளில் மெஸ்ஸியின் கோலே முதலிடம் பெற்றது. ஆனால், அவர் கிங்ஸ்டனுக்கு வந்ததற்குக் காரணம் காட்சிப் போட்டியோ, விளம்பர ஒப்பந்தமோ அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு கேவலியர் அணி வென்ற ஒரு கோப்பைதான் அவரை அங்கு வரவழைத்தது. அதன் பெயர் கான்ககாஃப் கரீபியன் கோப்பை. தீவு நாடுகளின் தொழில்முறை கிளப்புகள், கண்டத்தின் பெரும் அணிகளைச் சந்திப்பதற்கு இருக்கும் ஒரே வாசல் இது. அந்த வாசலைக் கடக்க ஆட்டத் திறமை மட்டும் போதாது என்பதே கடந்த சில ஆண்டுகளின் அனுபவம்.

கிரிக்கெட்டில் ஒன்று, கால்பந்தில் பல

இந்திய ரசிகர்களுக்குக் கரீபியன் என்றதும் நினைவுக்கு வருவது மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணி. ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட், கயானா வீரர்கள் அனைவரும் ஒரே கொடியின் கீழ் ஆடுவதே கிரிக்கெட்டின் மரபு. கால்பந்தில் அப்படியில்லை. ஒவ்வொரு நாடும் தனித்தனி அணி, தனித்தனி சங்கம், தனித்தனி லீக் வைத்திருக்கின்றன.

கரீபியன் கால்பந்து சங்கத்தில் 31 உறுப்பினர்கள் உள்ளனர். ஆங்கிலம் பேசும் ஜமைக்கா, ஸ்பானிய மொழி பேசும் டொமினிகன் குடியரசு, பிரெஞ்சும் கிரியோலும் பேசும் ஹைட்டி, டச்சு மொழி வழங்கும் சுரினாம் எனப் பல மொழிகளின் கூட்டம் அது. தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருந்தாலும் சுரினாமும் கயானாவும் கால்பந்தில் கரீபியன் பிரிவையே சேர்ந்தவை. பிரான்சின் ஆளுகைக்கு உட்பட்ட மார்டினிக் போன்ற தீவுகளுக்கு ஃபிஃபா உறுப்புரிமை இல்லை. எனினும், கண்ட அளவிலான கான்ககாஃப் அமைப்பில் மார்டினிக் முழு உறுப்பினராக உள்ளது. வட, மத்திய அமெரிக்க மற்றும் கரீபியன் நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்பே கான்ககாஃப். அதன் 41 உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கரீபியன் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆனால் பணம், பெரிய விளையாட்டரங்குகள், தொலைக்காட்சிச் சந்தை ஆகியவை மெக்சிகோவிடமும் அமெரிக்காவிடமும் குவிந்துள்ளன.

போட்டி நடைபெறும் முறை

கரீபியன் கோப்பை அதன் தற்போதைய வடிவில் 2023-ல் தொடங்கியது. 10 கிளப்புகள் தலா 5 அணிகள் கொண்ட இரு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு அணியும் தன் பிரிவில் உள்ள மற்ற 4 அணிகளுடன் தலா ஒரு முறை மோதும். அவற்றில் 2 ஆட்டங்கள் சொந்த மண்ணிலும், 2 ஆட்டங்கள் வெளியிலும் நடைபெறும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரு இடங்களைப் பிடிக்கும் அணிகள் அரையிறுதிக்குத் தகுதி பெறும்.

அரையிறுதியிலிருந்து நாக்-அவுட் முறை தொடங்குகிறது. அரையிறுதி, இறுதி ஆகிய இரண்டுமே ஊருக்கு ஓர் ஆட்டம் என இரு ஆட்டங்களாக நடத்தப்பட்டு, மொத்த கோல் கணக்கில் வெற்றியாளர் முடிவு செய்யப்படுகிறார். அரையிறுதியில் தோற்ற இரு அணிகளும் மூன்றாம் இடத்துக்காக மோதுகின்றன. இந்த மூன்றாம் இடம் வெறும் ஆறுதல் பரிசு அல்ல. ஏனெனில், முதல் மூன்று இடங்களைப் பெறும் அணிகளுக்கு மட்டுமே கண்டத்தின் தலையாய போட்டியான கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையில் இடம் கிடைக்கும்.

சாம்பியன்ஸ் கோப்பையில் மொத்தம் 27 கிளப்புகள் பங்கேற்கின்றன. வட அமெரிக்காவுக்கு 18 இடங்கள், மத்திய அமெரிக்காவுக்கு 6, கரீபியனுக்கு 3 என இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் 22 அணிகள் முதல் சுற்றில் மோதும். 5 அணிகள் மட்டும் நேரடியாக 16 அணிகள் கொண்ட இரண்டாம் சுற்றில் நுழையும். மெக்சிகோ லீக் சாம்பியன், அமெரிக்காவின் எம்எல்எஸ் கோப்பை சாம்பியன், அவ்விரு லீக்குகளும் மோதும் லீக்ஸ் கோப்பை சாம்பியன், மத்திய அமெரிக்கக் கோப்பை சாம்பியன் ஆகிய அணிகளுடன் அந்தச் சலுகையைப் பெறும் ஐந்தாவது அணி, கரீபியன் கோப்பையை வென்ற கிளப். கேவலியர் முதல் சுற்றில் ஆடாமலேயே மியாமியை எதிர்கொண்டது இதனால்தான்.

தொழில்முறை லீக் இல்லாத சிறு தீவுகளின் கிளப்புகளுக்கும் ஒரு வழி உண்டு. கிளப் ஷீல்டு என்ற தனிப் போட்டியில் அவை முதலில் மோத வேண்டும். அதில் சிறந்து விளங்கி, உரிமத்துக்கான நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் கிளப், பெரிய அணிகளின் வரிசைக்கு வரலாம்.

பழைய பெருமையும் நீண்ட இடைவெளியும்

கரீபியன் கிளப்புகள் எப்போதும் பின்வரிசையில் இருந்ததில்லை. 1962-ல் தொடங்கிய கண்டக் கோப்பையை அடுத்த ஆண்டே ஹைட்டியின் ரேசிங் கிளப் வென்றது. சுரினாமின் டிரான்ஸ்வால் 1973, 1981 ஆகிய ஆண்டுகளிலும், ஹைட்டியின் வயலெட் 1984-லிலும் பட்டம் பெற்றன. டிரினிடாட்டின் டிஃபன்ஸ் ஃபோர்ஸ் 1978-ல் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 1985-ல் ஹோண்டுராஸின் ஒலிம்பியாவை வீழ்த்தித் தனியாகவே வென்றது. அந்நாட்டு ராணுவத்தினருக்கான கிளப் அது. எதிரணிகள் விலகியதால் கிடைத்த பட்டங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. எனினும், டிஃபன்ஸ் ஃபோர்ஸின் 1985 வெற்றிக்குப் பின் நாற்பது ஆண்டுகளாக எந்தக் கரீபியன் கிளப்பும் கண்டத்தின் சாம்பியனாகவில்லை.

இப்பகுதிக்கென்றே தனியான கிளப் சாம்பியன்ஷிப் 1997-ல் தொடங்கப்பட்டது. 2022 வரை நடைபெற்ற அப்போட்டியே இன்றைய கரீபியன் கோப்பையின் முன்னோடி. தொடக்க ஆண்டுகளில் டிரினிடாட், ஜமைக்கா கிளப்புகளின் ஆதிக்கமே நிலவியது. யுனைடெட் பெட்ரோட்ரின், ஜோ பப்ளிக், டபிள்யூ கனெக்‌ஷன் ஆகியவை டிரினிடாட்டுக்கும், ஹார்பர் வியூ, போர்ட்மோர் யுனைடெட் ஆகியவை ஜமைக்காவுக்கும் பெருமை சேர்த்தன. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் போர்ட்டோ ரிக்கோ ஐலேண்டர்ஸ் வென்றது. அதே கிளப் 2009-ல் கண்ட அளவிலான சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்று, மெக்சிகோவின் குரூஸ் அசுலிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் வீழ்ந்தது.

பின்னர் அதிகாரம் இடம் மாறியது. டொமினிகன் குடியரசில் 2015-ல் தொழில்முறை லீக் தொடங்கப்பட்டது. பேஸ்பால் மோகம் மிகுந்த அந்நாட்டிலிருந்து சிபாவோ 2017-லும், பாந்தோஹா 2018-லும் பட்டம் வென்றன. மறுபுறம், 1999-ல் தொடங்கிய டிரினிடாட் தொழில்முறை லீக் கொரோனா காலத்தில் நின்றுபோனது. 2023-ல்தான் அங்கு புதிய பிரீமியர் லீக் தொடங்கியது. உள்நாட்டு லீக் உயிரோடு இருந்தால் மட்டுமே கிளப் வெளியே சென்று வெல்ல முடியும் என்பதற்கு இவ்விரு நாடுகளும் எதிரெதிர்ச் சான்றுகள்.

ஐந்து முறை நழுவியது, ஆறாவதாகக் கிட்டியது

2023-ல் புதிய கோப்பையின் முதல் சாம்பியன் ஆனது, யாரும் அதிகம் எதிர்பாராத சுரினாமின் ராபின்ஹுட். பாரமரிபோ நகரில் 1945-ல் தொடங்கப்பட்ட இந்தக் கிளப்புக்கு வேதனை தரும் ஒரு சாதனை உண்டு. 1972, 1976, 1977, 1982, 1983 என ஐந்து முறை கண்டக் கோப்பையின் இறுதிக்கட்டம் வரை சென்று, ஐந்து முறையும் இரண்டாமிடத்துடன் திரும்பிய கிளப் அது.

சுரினாம் கிளப் கால்பந்தின் நிலை 2021-ல் வேறு காரணத்துக்காக உலகச் செய்தியானது. அந்த ஆண்டு செப்டம்பரில், அந்நாட்டின் துணை அதிபர் ரோனி பிரன்ஸ்விக் தமது 60-வது வயதில், தமக்குச் சொந்தமான இன்டர் மூங்கோடாபூ அணிக்காகக் கான்ககாஃப் லீக் ஆட்டத்தில் தாமே களமிறங்கினார். ஒலிம்பியாவிடம் 6-0 எனத் தோற்ற பின், எதிரணி வீரர்களின் உடைமாற்றும் அறைக்குச் சென்று அவர் பணம் வழங்கும் காட்சி வெளியானது. இரு கிளப்புகளும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. பிரன்ஸ்விக்குக்கு மூன்று ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது.

அந்த அவமானம் நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில், கிளப் ஷீல்டு வழியாக மேலேறி வந்த ராபின்ஹுட், இறுதிப் போட்டியில் ஜமைக்காவின் கேவலியரை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அப்போது சுரினாமில் தொழில்முறை லீக்கே இல்லை. தொழில்முறை கிளப்புகளுக்கான கோப்பையை, அத்தகைய லீக் இல்லாத நாட்டின் கிளப் வென்றது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் தொழில்முறை லீக் தொடங்கப்பட்டது.

தோற்ற கேவலியரின் கதையும் அங்கு முடியவில்லை. இரண்டாமிடம் பெற்றதால் 2024 சாம்பியன்ஸ் கோப்பையில் நுழைந்த அந்த அணி, அமெரிக்காவின் சின்சினாட்டியிடம் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6-0 எனத் தோற்றது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கரீபியன் கோப்பையை வென்றது. 2025 மார்ச்சில் மெஸ்ஸி கிங்ஸ்டனுக்கு வந்தது இதன் தொடர்ச்சியே.

ஆடாமலே தோற்ற அணி

இந்தப் போட்டியின் மிகக் கடினமான எதிரணி எதுவென்று ஹைட்டி கிளப்புகளிடம் கேட்டால், விசா என்பதே விடையாக இருக்கும்.

2020, 2021, 2022 என அடுத்தடுத்த மூன்று ஆண்டுகள் கரீபியன் பட்டத்தை வென்றவை ஹைட்டி கிளப்புகள்தாம். ஆர்காஹே, கவாலி, வயலெட் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு அனுபவங்களைச் சந்தித்தன.

ஆர்காஹே, தன் 'சொந்த மண்' ஆட்டத்தை அண்டை நாடான டொமினிகன் குடியரசில் ஆட வேண்டியிருந்தது. அங்கு குரூஸ் அசுலைக் கோல் அடிக்கவிடாமல் 0-0 எனத் தடுத்து நிறுத்தியது. மெக்சிகோவில் நடந்த மறு ஆட்டத்தில் 8-0 எனத் தோற்றது.

கவாலிக்குத் தோற்கும் வாய்ப்புகூடக் கிட்டவில்லை. லியோகான் நகரைச் சேர்ந்த அந்தக் கிளப், 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ரெவலூஷனை எதிர்கொள்ள இருந்தது. அணியின் பல வீரர்களுக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. களமிறக்கப் போதிய வீரர்கள் இல்லாததால் கவாலி போட்டியிலிருந்து விலகியது. ஒரு பந்துகூட உதைக்கப்படாமலே நியூ இங்கிலாந்து அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஓராண்டு உழைத்துப் பெற்ற தகுதி, விண்ணப்பத் தாள்களிலேயே முடிந்துபோனது.

1918-ல் தொடங்கப்பட்ட வயலெட், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பழம்பெரும் கிளப். ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் ஹைட்டியில் லீக் ஆட்டங்கள் பல மாதங்களாக நின்றிருந்த நிலையில், 2023 மார்ச்சில் அது அமெரிக்காவின் ஆஸ்டின் அணியைச் சந்தித்தது. இதன் 'சொந்த மண்' ஆட்டமும் டொமினிகன் குடியரசின் சாந்தியாகோ நகரிலேயே நடைபெற்றது. வயலெட் 3-0 என வென்றது. மறு ஆட்டத்துக்காக அமெரிக்கா செல்லும்போது விசா சிக்கலால் அணியின் எண்ணிக்கை சுருங்கியிருந்தது. டெக்சாஸில் 2-0 எனத் தோற்றாலும், மொத்தம் 3-2 என்ற கணக்கில் ஆஸ்டினை வெளியேற்றிக் காலிறுதிக்கு முன்னேறியது. காலிறுதியில் மெக்சிகோவின் லியோனிடம் வீழ்ந்தபோதும், இரண்டாவது ஆட்டத்தில் 2-1 என வென்றே விடைபெற்றது.

2025 ஜூன் மாதம் அமெரிக்கா அறிவித்த பயணத் தடைப் பட்டியலில் ஹைட்டியும் இடம்பெற்றது. இதனால் அந்நாட்டவர் பயணிப்பது மேலும் கடினமானது. ஹைட்டி தேசிய அணி, 1974-க்குப் பின் முதல் முறையாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இறுதிக்கட்டத் தகுதிச் சுற்றிலும் அது தன் 'சொந்த மண்' ஆட்டங்களைக் குராசோ தீவில்தான் ஆடியது.

இந்திய ரசிகர்களுக்கும் இதுபோன்ற நிகழ்வு புதிதன்று. 2024 அக்டோபரில் பாதுகாப்புக் கவலையால் ஈரானின் தப்ரீஸ் நகருக்குச் செல்லாத மோகன் பகான் அணி, ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 போட்டியிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது. காரணங்கள் வேறானாலும் விளைவு ஒன்றே: போட்டியில் ஓர் அணியின் இடம் களத்துக்கு வெளியே முடிவாகிறது.

கடல், வானம், புயல்

விசா கிடைத்தாலும் பயணம் எளிதல்ல. கிங்ஸ்டனிலிருந்து டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வான்வழித் தொலைவு 1,800 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையிலான தொலைவைவிடச் சற்று அதிகம். கிங்ஸ்டனிலிருந்து பாரமரிபோ ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். தீவுகளுக்கிடையே நேரடி விமானங்கள் குறைவு என்பதால், பல பயணங்கள் மியாமி அல்லது பனாமா வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியவை. மியாமியில் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா தேவை. ஆகவே, அமெரிக்க அணியுடன் மோதாத கிளப்பும் அந்த விசாவைச் சார்ந்தே இருக்கிறது.

கரீபியன் கோப்பை ஆகஸ்டில் தொடங்கி ஆண்டின் இறுதியில் முடிகிறது. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை நீடிக்கும். போட்டியின் பெரும்பகுதி புயல் பருவத்துக்குள்ளேயே விழுகிறது. 2025 அக்டோபர் 28 அன்று உச்ச வலிமையுடன் கரையைக் கடந்த மெலிசா புயல், ஜமைக்காவின் மேற்குப் பகுதியைச் சூறையாடியது. அதன் பின் சில வாரங்களில், அதே நாட்டின் மவுண்ட் பிளசன்ட் அணி, டொமினிகன் குடியரசின் ஓ அண்ட் எம் அணியை இறுதிப் போட்டியில் வென்று கரீபியன் சாம்பியன் ஆனது. செயின்ட் ஆன் மாவட்டத்தில் இயங்கும் அந்தக் கிளப்பின் பயிற்சியாளர் தியோடோர் விட்மோர், 1998 உலகக் கோப்பையில் ஜமைக்கா ஜப்பானை வென்றபோது இரு கோல்களையும் அடித்தவர்.

ஏன் இது முக்கியம்?

வெற்றி பெறும் கிளப்புக்குக் கிடைப்பது கோப்பை மட்டுமல்ல. கண்டக் கோப்பையின் ஆட்டங்கள் பரிசுத் தொகை, நுழைவுச்சீட்டு விற்பனை, ஒளிபரப்பு ஆகியவற்றுக்கு வழி திறக்கின்றன. அவற்றைவிடவும் வீரர்களுக்கு முக்கியமானது, பார்வையாளர் வரிசையில் அமரும் பெரிய கிளப்புகளின் தேர்வாளர்கள். தீவுகளின் லீக்கில் ஆடும் இளைஞர் ஒருவர், எம்எல்எஸ் அல்லது மெக்சிகோ அணிக்கு எதிராக 90 நிமிடங்கள் ஆடுவது, பல ஆண்டு உள்நாட்டு ஆட்டங்களால் கிடைக்காத அறிமுகத்தை அளிக்கும்.

இடைவெளி இன்னும் பெரிது என்பதை முடிவுகளே காட்டுகின்றன. 2024 இரண்டாம் சுற்றில் ராபின்ஹுட் கோஸ்டா ரிக்காவின் ஹெரேடியானோவிடமும், 2025-ல் கேவலியர் மியாமியிடமும் தோற்று வெளியேறின. ஆனால், ஆஸ்டினை வயலெட் வீழ்த்தியது இடைவெளி கடக்க முடியாததல்ல என்பதற்குச் சான்று. அதே வயலெட்டுக்கு ஓராண்டு முன்பு கவாலிக்கு நேர்ந்தது, கடக்க வேண்டியது கால்பந்து இடைவெளி மட்டுமல்ல என்பதற்குச் சான்று.

விளையாட்டரங்குகளின் தரம், கிளப் உரிமம், போட்டி அட்டவணை ஆகியவற்றைக் கால்பந்து அமைப்புகளால் சீர்செய்ய முடியும். விசாவும் பயண வழிகளும் அரசுகளின் கையில் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் மூன்று கரீபியன் கிளப்புகள் சாம்பியன்ஸ் கோப்பைக்குத் தகுதி பெறுகின்றன. அந்த மூன்றும் முழு அணியுடன், தங்கள் ரசிகர்கள் முன்னிலையில் களமிறங்கும் ஆண்டில்தான், அவற்றின் உண்மையான வலிமை எவ்வளவு என்பது முதல் முறையாகத் தெரியவரும்.